அரசு முத்திரை போட்ட போலி ரசீது தொடர்பாக மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
மேட்டுத்தெரு குடியிருப்போர் சார்பாக,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்.

பெறுநர்:
உயர்திரு மாநகராட்சி ஆணையர் அவர்கள்.

பொருள்: பாதாளச் சாக்கடை டெபாசிட் என்று அரசு முத்திரையுடன் போலி ரசீது கொடுத்துப் பணம் வசூலித்தது – நடவடிக்கை கோருதல்.

பார்வை: குறைதீர் நாளில் கொடுத்த எங்கள் முந்தைய மனுக்கள் (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். மேட்டுத்தெருவைத் தாங்கள் அறிவீர்கள். பால் டிப்போ சந்து வரை தாங்களே நடந்து வந்து பார்த்திருக்கிறீர்கள். எனவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1. குழாய் பதிக்கும் வேலை தொடங்கும் முன், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய இருவர் வீடு வீடாக வந்து இணைப்புக்கு முன்பணம் வசூலித்தார்கள். அட்டையிலும் ரசீதிலும் தமிழ்நாடு அரசின் முத்திரை இருந்தது. பிறகு விசாரித்தால், அந்த ரசீது மாநகராட்சியுடையது இல்லை என்கிறார்கள்.

2. மக்கள் ஏன் நம்பினார்கள் என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். முத்திரையைப் பார்த்துத்தான் நம்பினார்கள். கோபுரம், அதன் முன்னால் சாரநாத் தூணின் சிங்கங்கள், இரு பக்கமும் தேசியக் கொடி, கீழே 'வாய்மையே வெல்லும்'. 1949-ல் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்தது. அது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரமா, மதுரை மேலக்கோபுரமா என்று இன்றும் வாதாடுகிறார்கள். நான் பிள்ளைகளுக்கு அதை வரையச் சொல்லிக்கொடுத்தவன். எது யாருடைய கோபுரமாக இருந்தாலும் சரி, பத்திரத்திலும் ரேஷன் அட்டையிலும் அதைப் பார்த்தால் அரசாங்கமே வந்து நிற்பதாகத்தான் எங்கள் சனம் எடுத்துக்கொள்ளும். அதற்காகத்தானே அதை வைத்திருக்கிறோம்?

3. எங்கள் தெருமுனையில் இட்லி கடை வைத்திருக்கும் அம்மாவின் நிலைதான் எங்களால் தாங்க முடியாதது. கணவர் இல்லை, மகள் வெளியூரில். தோட்டை அடகு வைத்து 10,000 ரூபாய் கொடுத்தார். ரசீதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். உண்மையான வேலையாட்கள் வந்தபோது பட்டியலில் அவர் பெயர் இல்லை. இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் இணைப்பு கொடுத்துவிட்டு நடுவில் அவர் வீட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். போகிற போக்கில் அவர் கழிவுக்குழியின் ஓரத்தையும் இடித்துவிட்டார்கள். இப்போது மழை பெய்தால் கழிவுநீர் அடுப்படி வரை வருகிறது. மாவு ஆட்டும் இடத்தில் நாற்றம். வாடிக்கையாகச் சாப்பிட வந்தவர்கள் எதிர்க் கடைக்குப் போகிறார்கள். காலைக்கடனுக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார், அதுவும் விடிவதற்கு முன்னால். அடகு வட்டி ஏறிக்கொண்டே போகிறது. இன்னொரு முறை டெபாசிட் கட்டினால் இணைப்பு தருவோம் என்கிறார்களாம். எதை வைத்துக் கட்டுவார்? "கோபுரம் போட்டிருக்கு சார், பொய்யா இருக்குமா?" என்று என்னிடம் கேட்கிறார். நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்கள்.

4. அரசுச் சின்னத்தின் முறையற்ற பயன்பாட்டைத் தடுக்க 2005-ல் சட்டம் வந்திருக்கிறது. அரசோடு தொடர்புடையது என்ற எண்ணம் வரும்படி சிங்கச் சின்னத்தை அனுமதியில்லாமல் போட்டாலே குற்றம். 2 ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவல் நிலையத்தில் கேட்டால், அந்தச் சட்டப்படி வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று திருப்பி அனுப்புகிறார்கள். சரி, மோசடி வழக்குக்கும் அந்த அனுமதி வேண்டுமா? மாநகராட்சி புகார் கொடுத்தால் எடுக்கிறோம் என்கிறார்கள். மாநகராட்சியோ எங்களைக் காவல் நிலையத்துக்குப் போகச் சொல்கிறது.

5. அப்புறம் இன்னொன்று. குப்பை எடுக்கும் ஒப்பந்ததாரரின் லாரியில் முத்திரை. அவர் மைத்துனரின் சொந்தக் காரில் முத்திரை. கல்யாண ஃபிளெக்ஸில்கூட முத்திரை. எல்லாம் உங்கள் அலுவலக வாசலில்தான் நிற்கிறது, தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறீர்கள். இப்படி விட்டுவிட்டு, போலியை மக்கள் கண்டுபிடிக்கவில்லை என்றால் எப்படி அய்யா? கல்கத்தா மாநகராட்சிக்கு 1896-ல் கிடைத்த சின்னத்தில், பாம்பைக் கவ்விய இரண்டு பெருநாரைகள் இருந்தன. அந்த ஊர்க் கழிவைத் தின்று தீர்த்த பறவைகள் அவை. வேலை செய்தவர்களுக்குச் சின்னத்தில் இடம் கொடுத்தார்கள். நம் மாநகராட்சிக்கு அப்படி ஒரு சின்னம் வரையச் சொன்னால் எதை வரைவது என்று எனக்குத் தெரியவில்லை. மனுவில் இப்படி எழுதக் கூடாதுதான். வயிற்றெரிச்சலில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

6. அந்த அம்மாவுக்கு இணைப்பு கொடுங்கள். மறு டெபாசிட் கேட்காமல் கொடுங்கள்.

7. மாநகராட்சியின் பெயரிலேயே காவல் துறையில் புகார் கொடுத்து, அதன் நகலை எங்களுக்குத் தாருங்கள். வசூலுக்கு வருபவரின் பெயரும் படமும் வார்டு அலுவலகப் பலகையில் இருக்க வேண்டும். தனியார் வண்டிகளில் உள்ள முத்திரையை அகற்றச் சொல்லுங்கள். இவை எல்லாம் தாமதமானாலும் பரவாயில்லை, 6-வது கோரிக்கையை மட்டும் மழைக்காலத்துக்கு முன் முடித்துத் தருமாறு மிகவும் பணிவுடன் மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேட்டுத்தெரு மக்கள்.

இணைப்பு: ரசீது நகல், தெருவினர் கையொப்பம். ரசீதின் அசலை விசாரணையின்போது காட்டுகிறோம்.