பக்கத்துக் கடை பொம்மை ஆடட்டுமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடை வாசலில் காற்றடித்து ஆடவிடும் பலூன் பொம்மைகள் வண்டி ஓட்டுபவர்களின் கவனத்தைக் கெடுக்கின்றன, மொத்தமாக எடுத்துவிட வேண்டும் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் தென்காசியில் டீக்கடை வைத்திருக்கிறேன். அடுத்த கடை செல்போன் கடை. அதன் வாசலில் ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு சிவப்புப் பொம்மை ஆடுகிறது. தினமும் பத்து மணி நேரம் அதன் பக்கத்திலேயே நிற்கிறவன் என்பதால் எனக்கும் சொல்ல நாலு வார்த்தை இருக்கிறது.

காலையில் கடைப் பையன் வாசல் தெளித்துவிட்டு, மூலையில் பழைய பாவாடை மாதிரி சுருண்டு கிடக்கும் துணியை உதறிப் போட்டு ஸ்விட்சைத் தட்டுவான். அடியில் புளோயர் விர்ரென்று இரையும். முதலில் இடுப்பு, அப்புறம் நெஞ்சு, கடைசியில் தலை எழும். தலையிலும் கையிலும் ஓட்டை இருப்பதால் காற்று உள்ளே தங்காது. வெளியேறியதும் மடங்கும். மடிப்புக்குக் கீழே காற்று முட்டியதும் வெடுக்கென்று நிமிரும். வித்தை அவ்வளவுதான். ஆனால் டியூஷன் போகிற பிள்ளைகள் அதற்கு எதிரே நின்று கையை விரித்து ஒரு ஆட்டம் போட்டுவிட்டுத்தான் நகர்கிறார்கள். எங்கள் தெரு நாய் முதல் மூன்று நாள் விடாமல் குரைத்தது. இப்போது அதன் நிழலில் படுக்கப் பார்க்கிறது. நிழல்தான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

இந்தப் பொம்மையின் பூர்வீகத்தை என் மகள் போனில் தேடிச் சொன்னாள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக டிரினிடாட் கார்னிவல் கலைஞர் பீட்டர் மின்ஷால், இஸ்ரேல்காரரான டோரன் காசிட்டோடு சேர்ந்து செய்ததாம். டிரினிடாட்டில் திருவிழாவில் ஜனங்கள் ஆடுகிற மாதிரியே பொம்மையும் ஆட வேண்டும் என்று மின்ஷால் யோசித்தாராம். இடுப்பு ஏன் அப்படி வளைகிறது என்று அப்போதுதான் புரிந்தது. பின்னால் காப்புரிமை விஷயத்தில் இருவருக்கும் மனத்தாங்கல் வந்தது வேறு கதை. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகராட்சி, ஊர் அழகைக் கெடுக்கிறது என்று 2008-ல் இதற்குத் தடையே போட்டது. அதே நாட்டில் விவசாயிகள் பறவை விரட்ட இதை வயலில் நிறுத்துகிறார்கள். சோளக்கொல்லைப் பொம்மைக்குக் கரண்ட் கொடுத்தது போல!

தொந்தரவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆடியில் எங்கள் ஊர்க் காற்று எப்படி வீசும் என்று தெரியும் அல்லவா? அம்மியே பறக்கும் என்கிற காற்றில் துணி என்ன பாடுபடும்? ஒருநாள் கிழக்கே சாய்ந்து வந்து என் பாய்லர் மேல் கையை வைத்துவிட்டது. கை நுனி பொசுங்கி, கடை பூராவும் நைலான் நாற்றம். போய்ச் சத்தம் போட்டேன். மறுநாள் மூன்றடி தள்ளி வைத்து, அடியில் இரண்டு மணல் மூட்டை போட்டார்கள். ஒட்டுப்போட்ட கையோடு இப்போதும் ஆடுகிறது. வளைவிலும் சிக்னல் பக்கத்திலும் வைக்கக் கூடாது, நடைபாதையை அடைக்கக் கூடாது, பலத்த காற்றில் அணைத்துவிட வேண்டும் என்று நகராட்சி சொல்லட்டும். அதில் அந்த வாசகரோடு எனக்கும் சம்மதமே.

ஆனால் கண்ணை உறுத்துவது எது என்று கேட்டால், காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை தெருவை மறைக்கும் பிளெக்ஸ் போர்டைத்தான் சொல்வேன். 2019-ல் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் அடிபட்டு இறந்ததை மறக்க முடியுமா? பொம்மை யார் முகத்தையும் காட்டி நம்மைக் கும்பிடச் சொல்வதில்லை.

மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும்போது பொம்மை படுத்துவிடும். அன்று டீ குடிக்க வருகிறவர்கள், “என்ன அண்ணாச்சி, பக்கத்துக் கடை ஆள் இன்னைக்கு லீவா?” என்று கேட்கிறார்கள். செல்போன் கடை முதலாளி பத்து நாள் ஊரில் இல்லாதபோதுகூட யாரும் இப்படி விசாரித்ததில்லை.

இப்படிக்கு,
ஒரு டீக்கடைக்காரர்,
தென்காசி.