'ஸ்லிம்' என்ற சொல்லும் நாகைக் கரையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் ஆங்கிலச் சொல் பகுதியில் 'ஸ்லிம்' பற்றிப் படித்தேன். 'ஒல்லியான, கச்சிதமான உடல்வாகு' என்று பொருள் சொன்னதோடு நிறுத்திவிட்டீர்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு முன்கதை உண்டு. நாகப்பட்டினம் பக்கத்துக் காவிரிக் கடைமடைக்காரர்களான எங்களுக்கு அது தூரத்துக் கதையும் அல்ல.

1650களில் டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. அன்றைய டச்சில் அதற்குக் கோணல், கெட்டது, சூழ்ச்சியானது என்றெல்லாம் பொருள். ஏறக்குறைய அதே காலத்தில்தான், 1658-இல், போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். பிறகு பழவேற்காட்டிலிருந்த தலைமையிடத்தையும் இங்கே மாற்றிக்கொண்டு, 1781-இல் ஆங்கிலேயர் கைப்பற்றும்வரை இருந்தார்கள். சொல் கைமாறியது ஐரோப்பாவில்தான். ஆனாலும் நாகைக் கோட்டைக்குள் யாராவது யாரையாவது 'ஸ்லிம்' என்று சொல்லியிருந்தால், கேட்டவர் நிச்சயம் மகிழ்ந்திருக்க மாட்டார். 1620 முதல் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரர்களின் மொழியில் இதற்கு உறவான சொல் 'ஸ்லெம்'. கெட்ட என்று பொருள். 1706-இல் அங்கே வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்குவின் தாய்மொழியான ஜெர்மனில் 'ஷ்லிம்' என்றால் மோசம். இன்றைய டச்சில் மட்டும் சூழ்ச்சிக்காரன் கெட்டிக்காரன் ஆகிவிட்டான்.

ஆங்கிலத்தில் அது மெலிந்த உடலைக் குறிக்க வந்த பிறகும் மதிப்பு உடனே கூடிவிடவில்லை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியில், கொச்சைச் சொல், பயன்படுத்தக் கூடாது என்றே குறித்தார். 1980களில் உகாண்டா மக்கள் எய்ட்ஸ் நோய்க்கு வைத்த பெயரும் 'ஸ்லிம்'தான். உடல் உருகிப்போவதைப் பார்த்து வைத்த பெயர்.

இவ்வளவும் எழுதக் காரணம், அதே இணைப்பின் கடைசிப் பக்கத்தில் 'ஒரே மாதத்தில் ஸ்லிம் ஆகலாம்' என்று நீங்கள் போட்டிருந்த தலைப்பு. பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் ஆசையாகப் படிக்கும் பக்கம் அது. எங்கள் பக்கம் சன்னமாக இருந்தால் மெச்சுவது நெல்லைத்தான். கொள்முதல் நிலையத்திலும் சன்ன ரகத்துக்கு விலை கூடுதல். வளர்கிற பெண்ணைப் பார்த்தால், "என்னம்மா இப்படி இளைச்சுப் போயிட்டே, உடம்புக்கு என்ன?" என்று பதறித்தான் கேட்போம். அந்தப் பதற்றம் சரியானது என்றே நான் நினைக்கிறேன். உடல்நலக் கட்டுரைகள் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தச் சொல்லைப் பரிசு மாதிரி தலைப்பில் தூக்கிக் காட்ட வேண்டாம்.

இன்னொரு வேண்டுகோள். அடுத்த வாரங்களில் 'துட்டு', 'கக்கூசு' இரண்டையும் எடுத்து எழுதுங்கள். இரண்டும் டச்சிலிருந்து நம் பேச்சுக்கு வந்தவை. முன்னது அவர்களுடைய செப்புக் காசின் பெயர். அவர்கள் நாணயம் அடித்த ஊர்களில் நாகப்பட்டினமும் ஒன்று.

இப்படிக்கு,
வாசகர், நாகப்பட்டினம்