நோயில்லாத உடம்புக்கும் காப்புறுதி

பேர்ன், சுவிட்சர்லாந்து
கார்த்திகை (நவம்பர்) மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நால்வரும் நலமாக இருக்கிறோம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லாத நான்கு பேருக்கு மாதம் தவறாமல் மருத்துவக் காப்புறுதிப் பணம் கட்டுவது வீண் செலவல்லவா என்று தொலைபேசியில் கேட்டீர்கள். அவசரத்தில் ஏதோ சொல்லி முடித்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு ஒழுங்காக விடை சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இந்த நாட்டில் குடியேறுபவர் எவராயினும் மூன்று மாதங்களுக்குள் அடிப்படைக் காப்புறுதியில் சேர்ந்துவிட வேண்டும். 1996ஆம் ஆண்டு முதல் இது சட்டமாக நடைமுறையில் இருக்கிறது. குடும்பத்துக்கு ஒன்று என்ற கணக்கு இங்கே இல்லை. பிறந்த குழந்தைக்கும் தனியாகக் காப்புறுதி எடுக்க வேண்டும். இங்குள்ள எம்மவர்கள் ‘கிராங்கன்காசே’ என்று சொல்லும் காப்புறுதி நிறுவனங்கள் பல இருந்தாலும், அடிப்படைக் காப்புறுதியில் எவை அடங்கும் என்பதை நாட்டின் மத்திய அரசே தீர்மானிப்பதால், எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் கிடைக்கும் சேவைகள் ஒன்றுதான். வயதையோ பழைய நோயையோ காட்டி ஒருவரைச் சேர்க்க மறுக்கவும் அவற்றுக்கு உரிமை இல்லை. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாநில அரசு கட்டணத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது. எங்களுக்கும் அது கிடைக்கிறது.

நோய் வந்தபின் செய்யும் வைத்தியத்துக்கு மட்டுமே இந்தப் பணம் என்றுதான் வந்த புதிதில் நானும் நினைத்திருந்தேன். சின்னவள் வயிற்றில் இருந்தபோதுதான் இதன் மறுபக்கத்தைக் கண்டேன். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் ஏழு பரிசோதனைகள், 12ஆம் வாரத்துக்கும் 14ஆம் வாரத்துக்கும் இடையில் ஒரு ஸ்கேன், 20ஆம் வாரத்துக்கும் 23ஆம் வாரத்துக்கும் இடையில் இன்னொரு ஸ்கேன், பிரசவம், அதன்பின் ஆறாம் வாரத்திலிருந்து பத்தாம் வாரத்துக்குள் தாய்க்கு ஒரு பரிசோதனை ஆகிய எதற்கும் நாங்கள் ஒரு பிராங்கும் கொடுக்கவில்லை. கர்ப்பத்தின் 13ஆம் வாரம் தொடங்கிப் பிரசவத்தின் பின் எட்டு வாரங்கள் வரை தாய்க்குச் சாதாரணக் காய்ச்சல் வந்து வைத்தியரிடம் போனாலும், அதற்கும் செலவில் நம் பங்கு என்று பணம் கேட்க மாட்டார்கள். மாதக் கட்டணத்தை மட்டும் வழக்கம்போலக் கட்ட வேண்டும்.

அவை எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது மருத்துவிச்சி வீடு தேடி வந்ததுதான், அக்கா. குழந்தை பிறந்து 56 நாள்களுக்குள் பத்துத் தடவை வரையும், முதற்பிள்ளை என்றாலோ சத்திரசிகிச்சைப் பிரசவம் என்றாலோ பதினாறு தடவை வரையும் மருத்துவிச்சி வீட்டுக்கு வருவதற்குக் காப்புறுதி பணம் கொடுக்கிறது. எங்களிடம் வந்த மருத்துவிச்சி அம்மா குழந்தையை நிறுத்துப் பார்ப்பார், தொப்புளைப் பார்ப்பார், என் தையலைப் பார்ப்பார், பிறகு என் முகத்தைப் பார்த்து, இரவில் எவ்வளவு நேரம் தூங்கினேன், மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பார். பெற்ற தாயும் கூடப்பிறந்தவளும் பக்கத்தில் இல்லாத வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவரை அனுப்ப வேண்டும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கிறதே என்று பலமுறை நினைத்து நன்றி கொண்டிருக்கிறேன். தாய்ப்பால் கொடுப்பதற்கான ஆலோசனையும் மூன்று தடவை உண்டு.

பிள்ளைகளுக்குப் பள்ளிப் பருவத்துக்கு முன் எட்டு வளர்ச்சிப் பரிசோதனைகள் இதில் அடங்கும். உயரம், எடை, பார்வை, கேட்கும் திறன், பேச்சு, நடை ஆகியவற்றை அந்தந்த வயதில் பார்த்துப் பதிகிறார்கள். பிறந்தவுடன் குதிக்காலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பிறவிக் குறைபாடுகளைத் தேடும் சோதனையும், அரசின் அட்டவணையிலுள்ள தடுப்பூசிகளும் அப்படியே. மச்சாளின் மகளுக்கும் மகனுக்கும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் வைரசுக்கு எதிரான ஊசி மாநிலத் திட்டத்தின் கீழ்ப் போடப்பட்டது. 11 வயதிலிருந்து 26 வயது வரை ஆண், பெண் இருபாலாருக்கும் அது கிடைக்கிறது.

வளர்ந்தவர்களுக்கு உரியவற்றில் வயதும் இடைவெளியும் வரையறுக்கப்பட்டுள்ளன. பெண்களுக்குப் புற்றுநோயைத் தேடும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை முதலில் ஆண்டுக்கு ஒன்றாக இரண்டு தடவையும், முடிவு நன்றாக இருந்தால் பின்னர் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவையும் உண்டு. 50 வயதானவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோயைத் தேட, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு மலப் பரிசோதனை அல்லது பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் உட்காட்டிப் பரிசோதனை உண்டு. அதே வயது முதல், மாநிலத் திட்டம் உள்ள இடங்களில், பெண்களுக்கு மார்பக எக்ஸ்ரே எடுக்க இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வீட்டுக்கே அழைப்புக் கடிதம் வருகிறது. மச்சாளுக்கு அந்தக் கடிதம் வந்தபோது, நோயில்லாதவள் எதற்காக நோயைத் தேடிப் போக வேண்டும் என்று அதை ஒதுக்கி வைத்திருந்தார். நான் விடவில்லை, கூடவே போய்க் காத்திருந்து கூட்டி வந்தேன். முடிவு நல்லதாகவே வந்தது. அடுத்த அழைப்புக்கு அவர் தனியாகவே போய் வந்தார்.

இதில் எனக்கு மனம் ஒப்பாத ஒன்றும் இருக்கிறது. வளர்ந்தவர்கள் ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட தொகை வரையான மருத்துவச் செலவைத் தாமே ஏற்க வேண்டும். ‘பிரான்சீஸ்’ எனப்படும் அந்தத் தொகையை 300 பிராங்கிலிருந்து 2500 பிராங்க் வரை நாமே தெரிவு செய்யலாம்; அது கூடக் கூட மாதக் கட்டணம் குறையும். அதற்கு மேல் வரும் செலவிலும் பத்தில் ஒரு பங்கை, ஆண்டுக்கு 700 பிராங்க் வரை, நாம் கொடுக்க வேண்டும். மாநிலத் திட்டத்தின் மார்பக எக்ஸ்ரேக்கு அந்த முதற்தொகை விலக்கு உண்டு. ஆனால் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு அந்த விலக்கு இல்லை. மாதக் கட்டணத்தைக் குறைப்பதற்காக 2500 பிராங்கைத் தெரிவு செய்திருக்கும் பெண், அதாவது உணவகத்திலும் துப்புரவு வேலையிலும் நின்று உழைக்கும் எங்கள் பெண்களில் ஒருத்தி, காப்புறுதியில் அடங்கும் பரிசோதனைக்கும் முழுப் பணத்தையும் கையிலிருந்தே கொடுக்கிறாள். அதனால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறாள். வருமுன் காக்கும் பரிசோதனைகள் அனைத்துக்கும் மகப்பேற்றுக்கு உள்ளதுபோல் முழு விலக்கு அளிப்பதே நியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். என்னுடைய தொகையை 300 பிராங்காகக் குறைக்கும்படி இந்த வாரம் எழுதி அனுப்பினேன். நிறுவனத்துக்கு அந்தக் கடிதம் நவம்பர் 30ஆம் திகதிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் தை (ஜனவரி) மாதத்திலிருந்து நடைமுறைக்கு வரும்.

பல் வைத்தியம் அடிப்படைக் காப்புறுதியில் அநேகமாக இல்லை. நோயின் அறிகுறி எதுவும் இல்லாமல் முழு உடம்பையும் ஒருமுறை சோதித்துப் பார்க்க விரும்பினால் அதற்கும் பணம் கொடுக்க மாட்டார்கள். பயணத்துக்காகப் போடும் ஊசிகளும் நம் செலவுதான். ஆகவே வைத்தியரிடம் போகுமுன், இது அடிப்படைக் காப்புறுதியில் அடங்குமா என்று கேட்டுவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். மொழி தெரியாதவர்கள் இதையெல்லாம் எப்படி அறிவது என்று நீங்கள் எண்ணக்கூடும். சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கம் இந்நாட்டு மருத்துவ முறையை விளக்கும் கைநூலைத் தமிழிலும் தருகிறது. அதைப் படித்துத்தான் நானும் பலவற்றைத் தெரிந்துகொண்டேன்.

பெரியவனின் தடுப்பூசி விபரங்கள் உள்ள சுகாதாரப் புத்தகம் அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது. அதன் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பி வையுங்கள். எந்த ஊசி போட்டாயிற்று, எது பாக்கி என்பதை இங்குள்ள வைத்தியர் பார்க்க வேண்டும் என்கிறார். இன்னொன்றும் கேட்கிறேன். உங்களுக்கும் ஐம்பது வயது நெருங்குகிறது. அங்கே இலங்கையில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பெண்களுக்கென்று நடக்கும் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையையும் மார்பகப் பரிசோதனையையும் கட்டணம் இல்லாமலே செய்கிறார்கள். அத்தானிடம் சொல்லிவிட்டு இந்த மாதமே போய்ப் பாருங்கள். முடிவு எதுவாயினும் எனக்கு மறைக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை