2:20-க்கு வரும் மிஸ்டு கால்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், சபைக்கு வெளியிலிருந்து கூடவே நின்ற எல்லாருக்கும்,

தோத்திரம். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடர, நாம் இரவும் பகலும் முறைவைத்துச் சங்கிலி ஜெபம் செய்துவந்த தம்பியை நேற்று சாயங்காலம் வென்டிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். கழுத்துக் குழாய் இன்னும் இருக்கிறது, ஆனால் மூச்சு அவனுடையது. நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆளைப் பார்த்து அடையாளம் சொல்கிற நிலைக்கு இன்னும் வரவில்லை. கேட்ட அற்புதத்தில் பாதிதான் கைக்கு வந்திருக்கிறது. மீதி வரட்டும் என்று நன்றியைத் தள்ளிப்போட எங்களுக்கு மனசில்லை.

முதல் நன்றி கோயில் மணி அடிக்கிற தாத்தாவுக்கு. பேர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சங்கிலி ஜெபம் நடத்தியவர்களுக்கு அது எங்கே அறும் என்று தெரியும். முதல் 3 நாள் பேர் கொடுக்க முட்டிமோதுவார்கள். 4-ஆம் நாள், ராத்திரி 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவே அறும். விசுவாசக் குறைவெல்லாம் இல்லை, வெறும் தூக்கம்தான். 1727-ல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவிய சபையார் 24 ஆணும் 24 பெண்ணுமாக, ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று தொடங்கிய சங்கிலி நூறு வருஷத்துக்கு மேல் நீண்டது. நமக்கு ஒரு மணி தாங்காது (கெத்செமனேயில் இயேசு ஒரு மணி நேரம் விழித்திருக்கக் கேட்டபோது சீஷர்களுக்கே தாங்கவில்லை). அதனால் அரைமணியாக வெட்டி, நாளுக்கு 48 முறை வைத்தோம். அடுத்தவர் தொடங்கிவிட்டார் என்று தெரியும்வரை முந்தினவர் எழுந்திருக்கக் கூடாது. அவரவர் வீட்டில் முழங்கால் போட்டிருக்கும்போது அது எப்படித் தெரியும்? வாட்ஸ்அப்பில் ‘ஆமென்’ போடச் சொன்னோம். அந்த ஒரு ஆமென் அறுபது வீட்டை எழுப்பியது. மறுநாளே பாதிப் பேர் குழுவை மியூட் செய்துவிட்டார்கள்.

தாத்தாவிடம் இருப்பது பட்டன் போன். பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். ராத்திரி 11 முதல் விடிகாலை 5 வரை 12 முறை, 12 பேர், நம்பரோடு. ஒவ்வொரு முறைக்கும் பத்து நிமிஷம் முன்னால் ஒரு மிஸ்டு கால்: இரண்டு ரிங், கட். எழுந்தவர் பதிலுக்கு ஒரு ரிங் கொடுத்தால் கட்டத்தில் பென்சில் டிக். ஐந்து நிமிஷத்தில் பதில் வராவிட்டால் இன்னொரு தடவை. அவ்வளவுதான் ஏற்பாடு. ரீசார்ஜ் பண்ணித் தருகிறோம் என்றதற்கு, “மிஸ்டு கால்தான, துட்டா போவுது?” என்று சிரித்தார்.

19 ராத்திரி, 228 கட்டம். நேற்று அந்தத் தாள்களை வாங்கிப் பார்த்தோம். 23 கட்டத்தில் டிக் இல்லை. பென்சிலாலேயே சின்னதாக ஒரு சிலுவை. இது என்ன தாத்தா என்று கேட்டோம். “எந்திரிக்காதவுக முறைக்கு நான் இருந்துக்கிட்டேன்.” மறுநாள் அவர்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை, ஆயரிடமும் சொன்னதில்லை. அந்த 23-ல் இந்த மடலை எழுதுகிற எங்கள் பேர்களும் உண்டு.

மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து, வீட்டுக் கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்குகிறார்கள். இயேசு கண்டது “அவர்கள் விசுவாசத்தை” என்கிறது 5-ஆம் வசனம். படுத்திருந்தவனுடைய விசுவாசம் எப்படி இருந்தது என்று ஒரு பேச்சும் இல்லை. (பிரித்த கூரையை யார் சரிசெய்து கொடுத்தார்கள் என்றும் இல்லை.) தம்பியின் அம்மா ஆறாம் நாளிலிருந்து வாய் திறந்து ஜெபிக்கவில்லை. “எனக்கு வரல” என்றார்கள். வரவேண்டாம் அக்கா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றோம். பார்த்துக்கொண்டவர் யார் என்று நேற்றுதான் தெரிந்தது.

தினமும் ஆறு மணிக்கு டாக்டர் சொன்னதைக் கேட்டு எங்களுக்கு மட்டும் போன் செய்த சித்திக்கு நன்றி. ஒரே வாய் வழியாகச் செய்தி வந்ததால்தான் வதந்தி குறைந்தது. அதை வைத்துத்தான் ஜெபக் குறிப்பு மூன்று வரியில் போனது: இன்று உடம்புக்கு என்ன வேண்டும் (காய்ச்சல் இறங்க, சிறுநீர் போதுமான அளவு பிரிய), டியூட்டியில் இருக்கிறவர்கள், வீட்டார். ‘அற்புதம் செய்யும்’ என்று மட்டும் கேட்டால் ஏழு நிமிஷத்தில் வார்த்தை தீர்ந்துவிடும். கடைசியில் எப்போதும், எங்கள் தேவன் அக்கினிச் சூளையிலிருந்து விடுவிப்பார் என்ற மூன்று பேர் அடுத்துச் சொன்னது, தானியேல் 3:18-இன் முதல் சொல்: “விடுவிக்காமற்போனாலும்.” அதை எடுக்கச் சொன்னவர்கள் உண்டு. எடுக்கவில்லை.

எண்ணெய் பூச வந்த ஆயரைத் தடுக்காமல், ஆக்சிஜன் பக்கத்தில் எண்ணெய் ஆகாது, தீப்பிடிக்கும், முகத்தில் மட்டும் வேண்டாம் என்று சொல்லி, கை கழுவ வைத்து, உள்ளங்காலில் ஒரு துளிக்கு இடம் கொடுத்த நர்ஸ் அக்காவுக்கு நன்றி. ரத்தம் கொடுத்தவர்களுக்கும், வெறும் வயிற்றோடு போய்த் திரும்பி வந்த நாலு பேருக்கும் நன்றி. அது எங்கள் தப்பு. உபவாசப் பட்டியலிலும் ரத்தப் பட்டியலிலும் அதே பேரை எழுதிவிட்டோம். 18 வயது, 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5, இதெல்லாம் இருந்தாலும் சாப்பிடாமல் வந்தவரிடம் எடுக்க மாட்டார்கள், மயக்கம் வரும். ரத்தம் கொடுக்கிறவருக்கு இனி அன்றைக்கு உபவாசம் கிடையாது.

சோறு கொண்டுவந்த பெண்கள் ஐக்கிய சங்கம், ஆட்டோ ஓட்டிய அண்ணன், தர்காவில் ஓதி வந்த பக்கத்து வீட்டுப் பாய், எல்லாருக்கும். மருந்தை நம்புவது அவிசுவாசம் என்று வராந்தாவில் நின்று பிரசங்கித்த ஒருவருக்கு மட்டும் இல்லை. சாகக்கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் கூட்டித் தருவதாக ஆண்டவரே வாக்குக் கொடுத்த பிறகும், தீர்க்கதரிசி ஏசாயா அத்திப்பழ அடையைக் கேட்டு வாங்கிப் பிளவைக்குப் பற்றுப்போட வைத்தான். 2 இராஜாக்கள் 20. அவர் வாசிக்கட்டும்.

குழுவாக ஒரு பொருத்தனை செய்திருக்கிறோம். இனி யாருக்காகச் சங்கிலி தொடங்கினாலும், அந்த வீட்டாரிடம் ‘விசுவாசமா இருங்க’ என்று சொல்லமாட்டோம். இருக்கவேண்டியது நாங்கள்.

சங்கிலி நிற்கவில்லை. இன்றுமுதல் ராத்திரி முறை மட்டும். தாத்தா 2 மணி வரை பார்ப்பார், அதற்குப் பிறகு வாலிபர் ஐக்கியப் பையன் ஒருவன். தாத்தாவைச் சம்மதிக்க வைக்கத்தான் பெரும்பாடு பட்டோம். வியாழக்கிழமை 2:30 கட்டம் காலியாக இருக்கிறது. பேர் கொடுக்கிறவர்கள் போனை சைலன்ட்டில் போடாதீர்கள்.

சங்கிலி ஜெபக் குழுவினர்