பழைய நிரலைச் செப்பனிடுகிறவர்களுக்கும் அப்ரைசலில் இடம் கொடுங்கள்

பெங்களூருவில் நெட்வொர்க் குழுக்களை நடத்தும் தமிழ் மேலாளர்களுக்கு,

வணக்கம்.

ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி, வெளிவட்டச் சாலை என்று இந்த ஊரில் எங்கே திரும்பினாலும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், நெட்வொர்க் பகுதியில் வேலை செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். ரவுட்டர், சுவிட்ச், வைஃபை சிப், சர்வர்களுக்கான நெட்வொர்க் கார்டு என்று பலவற்றை இயக்கும் நிரல்களான டிரைவர்கள் இங்கேதான் எழுதப்படுகின்றன. அந்தக் குழுக்களில் நம்மவர்கள் நிறைய. கோவையிலும் சேலத்திலும் திருச்சியிலும் படித்துவிட்டு வந்தவர்கள் இன்று சீனியர் மேனேஜர், டைரக்டர் என்று முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். அதனால்தான் உங்களுக்குத் தமிழிலேயே எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பிரித்து, சீராக்கி, அடுத்து வருகிறவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி மாற்றுவதையும் ஒரு வேலையாகக் கணக்கில் எடுங்கள். திட்டத்தில் அதற்கு நாள் ஒதுக்குங்கள். அப்ரைசலில் அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

இப்போது நடப்பது உங்களுக்கே தெரியும். புது சிப் வருகிறது, தேதி நெருங்குகிறது. பழைய சிப்புக்கு எழுதிய ஃபங்ஷனை அப்படியே நகலெடுத்து, நாலு இடத்தில் மாற்றி, வேலையை முடிக்கிறோம். அடுத்த சிப்புக்கும் அதே கதை. இரண்டையும் பொதுவாக்கி ஒரே ஃபங்ஷனாக எழுத வேண்டும் என்று யாராவது சொன்னால், "இதனால் கஸ்டமருக்கு என்ன லாபம்?" என்ற கேள்வி வருகிறது. கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதிலைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

நான் பார்த்த ஒரு டிரைவரில், பாக்கெட்டை, அதாவது நெட்வொர்க்கில் போகும் டேட்டாப் பொட்டலத்தை, அனுப்பும் ஃபங்ஷனுக்கு மூன்று தலைமுறை சிப்களுக்காக மூன்று நகல்கள் இருந்தன. இந்த இடத்தில் கெர்னலின் விதி கறாரானது. கார்டின் வரிசையில் இடமில்லை என்றால் டிரைவர் "பிஸி" என்று திருப்பிச் சொல்லலாம். சொல்லிவிட்டால் அந்த பாக்கெட் இன்னும் டிரைவரை அழைத்த கெர்னலின் மேலடுக்குக்கே சொந்தம், மேலடுக்கு அதையே மறுபடி அனுப்பிப் பார்க்கும். டிரைவர் அதன் மெமரியை விடுவிக்கக் கூடாது. டிரைவரே பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டால் "சரி" என்றுதான் சொல்ல வேண்டும், அனுப்பாமல் போனாலும் கூட. முதல் நகலில் இது ஒழுங்காக இருந்தது. மூன்றாவதில், பாக்கெட் இருக்கும் மெமரியைக் கார்டுக்குக் காட்டும் மெமரி மேப்பிங் தோற்றுப்போகும் வழியில், விடுவித்த பிறகு "பிஸி" என்று திருப்பியிருந்தார்கள். ஒரே ஒரு வரி.

அந்த வழி எப்போதாவதுதான் ஓடும். ஓடினால் விடுவித்த மெமரியை மேலடுக்கு மறுபடி தொடும், கெர்னல் வேறெங்கோ போய் விழும். கிராஷ் அறிக்கையில் நம் டிரைவரின் பெயரே வராது. அதைத் தேடிய பையன் வெள்ளிக்கிழமை மாலை மடிவாளாவில் சேலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது போன் வந்தது. பையைக் கீழே வைத்து, அங்கேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தான். பஸ் போய்விட்டது. அந்த மூன்று நகல்களை ஒன்றாக்கும் யோசனையை அதே குழுவில் முன்பே ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார், அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்று தள்ளி வைத்திருந்தார்கள். ஒன்றாக்கியிருந்தால் தவறு நடக்க ஒரே இடம்தான் இருந்திருக்கும், ரிவ்யூ செய்தவர் கண்ணிலும் பட்டிருக்கும்.

இது நம் ஊர்க் குழுக்களின் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். கெர்னலின் மையத்திலேயே இப்படி நடந்திருக்கிறது. 2019 ஜூனில் வெளியான 'சாக் பேனிக்' என்ற பாதுகாப்பு ஓட்டையை நினைத்துப் பாருங்கள். கெர்னலில் ஒரு பாக்கெட்டைச் சுமக்கும் எஸ்கேபஃப் என்ற அமைப்பு 17 துண்டுகள் வரை வைத்துக்கொள்ளும். இன்டெல், ஏஎம்டி வகை எக்ஸ்86 இயந்திரத்தில் ஒரு துண்டு 32 கிலோபைட் வரை போகலாம். டிசிபி (இணையத்தில் டேட்டாவைத் தவறாமல் சேர்க்கும் விதிமுறை) இணைப்பின் எதிர்முனை, தான் ஒரு தடவை வாங்கும் செக்மென்ட் அளவை மிகக் குறைவாக, 48 பைட் என்று சொன்னால், டிசிபி ஆப்ஷன்கள் அதிகபட்ச இடத்தை எடுத்தது போக ஒரு செக்மென்டில் 8 பைட் டேட்டாதான் மிஞ்சும். 17-ஐ 32 கிலோபைட்டால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 69,632 செக்மென்ட். அந்த எண்ணிக்கையை வைத்திருந்த புலமோ 16 பிட், 65,535-க்கு மேல் கொள்ளாது. நிரம்பி வழிந்தது, கெர்னல் நின்றது. வெளியிலிருந்தே, பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமல், யார் வேண்டுமானாலும் ஒரு சர்வரை விழவைக்கலாம் என்ற நிலை. 2009-இல் வந்த 2.6.29 பதிப்பிலிருந்தே அது உள்ளே இருந்தது. பத்து வருடம்! உலகம் முழுக்கப் பலர் படிக்கும் நெட்வொர்க் நிரல் அது. அந்த 17, அந்த 32, அந்த 48, அந்த 16 எல்லாம் தனித்தனியே எடுத்த முடிவுகள். தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் தப்பில்லை. நான்கையும் சேர்த்து வைத்துப் படிக்க ஒருவருக்கு நேரம் வேண்டும். புது வசதி எழுதும் அவசரத்தில் அந்த நேரம் யாருக்கும் கிடைக்காது.

சரி, லாபத்துக்கு வருகிறேன். 2024 மார்ச்சில் வெளியான 6.8 கெர்னலில் கூகுள் பொறியாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். டிசிபி சாக்கெட், நெட்வொர்க் டிவைஸ் போன்ற அடிப்படை அமைப்புகளுக்குள் இருக்கும் புலங்களின் வரிசையை மாற்றினார்கள். ஒரு பாக்கெட் போகும் பாதையில் சேர்ந்து தொடப்படும் புலங்களை அடுத்தடுத்து வைத்தார்கள். பிராசஸர் மெமரியிலிருந்து பெரும்பாலும் 64 பைட் கட்டுகளாகத்தான் எடுக்கும் என்பதால், தேவையானவை ஒரே கட்டில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். புது வசதி இல்லை, புது அல்காரிதம் இல்லை. ஒரே நேரத்தில் ஏராளமான இணைப்புகள் ஓடும் சூழலில் டிசிபி வேகம் 40 சதவீதம் வரை கூடியது என்று அளந்து காட்டினார்கள். வருடக்கணக்கில் வருகிறவர் போகிறவர் எல்லாம் காலியாகத் தெரிந்த இடத்தில் ஒரு புலத்தைச் செருகிவிட்டுப் போனதன் விலைதான் அந்த 40. எந்தப் புலம் எந்தப் பாதையில் தொடப்படுகிறது என்பதைக் கெர்னல் ஆவணங்களிலேயே அட்டவணையாகவும் போட்டு வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இடமாற்றத்தைவிட அந்த அட்டவணைதான் பெரிய கொடை. அடுத்தவர் கைக்கு வந்த இடத்தில் செருகாமல் யோசித்துச் செருகுவார்.

அதிகாரபூர்வக் கெர்னல் நிரலான மெயின்லைனுக்கு அனுப்பாமல் டிரைவரை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022-இல் வந்த 6.1 கெர்னலில், வந்த பாக்கெட்டுகளைக் கெர்னல் கட்டுக்கட்டாக எடுக்கும் நாபி போலிங்கைப் பதிவு செய்யும் ஃபங்ஷனிலிருந்து, ஒரு தடவையில் எத்தனை எடுக்கலாம் என்று சொல்லும் 'வெயிட்' என்ற ஆர்க்யுமென்ட்டை எடுத்துவிட்டார்கள். பெரும்பாலான டிரைவர்கள் அதில் 64 என்றே எழுதிக்கொண்டிருந்தன. மெயின்லைனில் இருந்த டிரைவர்களை எல்லாம் மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களே திருத்திக் கொடுத்தார்கள். வெளியே இருந்த டிரைவர்கள் கம்பைல் ஆகவில்லை, அவ்வளவுதான். அப்புறம் நம் குழுவில் ஒருவர் உட்கார்ந்து பதிப்பு பார்த்து பதிப்பு பார்த்து அந்தப் பதிப்புக்கு உரிய வரிகளை மட்டும் கம்பைல் செய்யச் சொல்லும் 'இஃப்டெஃப்' போடுகிறார். ஒவ்வொரு கெர்னலுக்கும் இப்படி ஒன்று சேர்ந்துகொண்டே போகிறது. இந்த உழைப்பை நீங்கள் பராமரிப்பு என்ற தலைப்பில் ஏற்கெனவே சம்பளம் கொடுத்து வாங்குகிறீர்கள். அதே பணத்தில் மெயின்லைனுக்குள் போயிருக்கலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இடைவெளி திருத்துவது, எச்சரிக்கைச் செய்திகளை அடக்குவது போன்ற மேல்பூச்சு வேலைக்காக நான் வாதாடவில்லை. நெட்வொர்க் பகுதிக்கு வரும் மாற்றங்களை ஏற்பதா என்று முடிவெடுக்கும் மெயின்டெய்னர்களே வேறு வேலையோடு சேராத வெறும் துடைப்பு பேட்ச்களை (நிரல் மாற்றங்களை) ஊக்குவிப்பதில்லை, அதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது சரி என்றே படுகிறது. காரணமில்லாமல் தொட்டால் பழைய பதிப்புகளுக்குத் திருத்தம் கொண்டுபோகிறவர் சிரமப்படுவார். நல்ல சீரமைப்பு வேறு மாதிரி இருக்கும். புது வசதிக்கு முன்னால் அதற்கு இடம் செய்து கொடுக்கும் சின்னச் சின்ன பேட்ச்கள் வரும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு மாற்றம் செய்யும், ஒவ்வொன்றுக்குப் பிறகும் கெர்னல் கம்பைல் ஆகி ஓடும். ஒரு தொகுப்பில் 15-க்கு மேல் வேண்டாம் என்பதும் அவர்கள் விதி. கடைசியில் வரும் வசதி சில வரிகளில் முடிந்துவிடும். பார்ப்பவருக்கு அந்தக் கடைசி பேட்ச் மட்டும்தான் வேலையாகத் தெரிகிறது என்பதுதான் என் வருத்தம்.

யாரும் பயன்படுத்தாததை நீக்குவதும் இதே கணக்கில் வரும். டெக் நிறுவனத்தின் பழைய நெட்வொர்க் முறையான டெக்நெட் புரோட்டோகால் 2010 முதலே கேட்பாரற்றுக் கிடந்து, 2022-இல்தான் 6.1-இல் வெளியே போனது. நீக்கியவர் ஆயிரக்கணக்கான வரிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பிலிருந்து எல்லோரையும் விடுவித்தார். நம் நிறுவனங்களில் எழுதிய வரிகளை எண்ணிப் பாராட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நீக்கிய வரிகளையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

உங்களால் நாளைக்கே செய்ய முடிந்தவை இவை. புது சிப்புக்கான திட்டம் போடும்போது, முன்தயாரிப்பு பேட்ச்களுக்கும் ரிவ்யூவுக்கும் தனியாக வாரங்களை எழுதுங்கள். கெர்னல் ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை வெளிவருகிறது, அதில் புது மாற்றங்களை மெயின்லைனில் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ நடக்கும் இரண்டு வாரம், நெட்வொர்க் பகுதிக்கான புது பேட்ச்களை வாங்கும் நெட்-நெக்ஸ்ட் கிளை மூடியிருக்கும். அதை வைத்து நாள் குறியுங்கள், கடைசி நாளில் பையன்களை விரட்டாதீர்கள். அடுத்தவர் பேட்ச்சைப் படித்துக் கருத்துச் சொல்வதற்கும் நேரம் கொடுங்கள். மெயின்டெய்னர்கள் எல்லா நிறுவனங்களிடமும் கேட்பது அதைத்தான், நம் பக்கத்திலிருந்து போவது மிகக் குறைவு. அனுபவம் உள்ள ஒருவரையாவது புது வசதிச் சுமை இல்லாமல், இருக்கும் டிரைவரின் பொறுப்பாளராக நியமியுங்கள். அவருக்கு வரும் பதவி உயர்வு மற்றவர்களுக்கு வருவதற்குக் குறையாமல் இருக்கட்டும்.

இதில் எது உங்கள் குழுவில் நடக்காது, ஏன் நடக்காது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பட்ஜெட்டா, தலைமையகமா, கஸ்டமர் ஒப்பந்தமா என்று தெரிந்தால் அதற்கேற்ற மாதிரி கேட்க எங்களுக்கும் வசதியாக இருக்கும். அடுத்த ஆண்டுக்கான இலக்குகளை எழுத உட்காரும்போது இந்த மடல் உங்கள் மேசையில் இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அன்புடன்,
பெங்களூருவில் நெட்வொர்க் டிரைவர் எழுதும் ஒரு தமிழ்ப் பொறியாளர்