புற்றுநோய்க் குறிப்பான்கள்: எண்களையும் சேர்த்து அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோயை இரத்தத்திலேயே கண்டறியும் புதிய பரிசோதனைகள் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எபிஜெனெடிக் மாற்றங்களையும் (டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை மாறாமலே மரபணுவின் செயல்பாடு மாறுவது) புரதத்தை உருவாக்காத ஆர்.என்.ஏ.க்களையும் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதப்படுவது அரிது, அதற்காக நன்றி. ஆயினும், நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களான இக்குறிப்பான்கள் இன்று மருத்துவர்களுக்கு உண்மையாகவே கைகொடுக்கும் இடங்களைக் கட்டுரை தொடாமல் விட்டுவிட்டு, இன்னும் நிரூபிக்கப்பட வேண்டிய பலவகைப் புற்றுநோய் இரத்தப் பரிசோதனையை முடிந்துபோன சாதனையாகக் காட்டியிருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை சிறிதும் மாறாத நிலையிலும் ஒரு மரபணு வாயடைத்துப் போகலாம். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளுள் ஒன்றான சைட்டோசினின் மேல் மெத்தில் தொகுதிகள் என்னும் சிறு வேதித் துணுக்குகள் ஒட்டிக்கொள்வது, அதாவது மெத்திலேற்றம், அதற்கு முக்கியமான ஒரு வழி. புற்றுநோய்ச் செல்களில் மெத்திலேற்றம் குறைந்திருப்பதை ஃபைன்பெர்க்கும் வோகல்ஸ்டைனும் 1983-இல் காட்டினார்கள். அதே செல்களில், கட்டியை அடக்கும் சில மரபணுக்களின் தொடக்கப் பகுதிகளில் மட்டும் அது மிகுந்து, அம்மரபணுக்களை முடக்கிவிடுவது பின்னர் தெரியவந்தது. எழுத்துப் பிறழ்வுகள் ஒவ்வொரு நோயாளியிடமும் மரபணுவின் வெவ்வேறு இடங்களில் நிகழக்கூடும். மெத்திலேற்றமோ பெரும்பாலும் ஒரே பகுதியில் திரும்பத் திரும்ப நிகழ்வதால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது. குறிப்பான் என்ற வகையில் அதன் பலம் இதுவே.

இந்தப் பலம் கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைக் கட்டியில் பயன்படுகிறது. டெமோசோலமைடு மருந்து புற்றுச் செல்லின் டி.என்.ஏ.வில் ஏற்படுத்தும் சேதத்தை, எம்.ஜி.எம்.டி. மரபணு தரும் புரதம் சரிசெய்துவிடும். அம்மரபணு மெத்திலேற்றத்தால் முடங்கியிருந்தால் சேதம் அப்படியே நிற்கும். மருந்து வேலை செய்யும். 2005-இல் வெளியான ஆய்வில், மரபணு இவ்வாறு முடங்கியிருந்த நோயாளிகளுள் கதிர்வீச்சுடன் அம்மருந்தையும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் (பாதிப்பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 21.7 மாதங்கள், கதிர்வீச்சு மட்டும் பெற்ற பிரிவினருக்கு 15.3 மாதங்கள். ஆறு மாதம் சிறியதாகத் தோன்றலாம். அந்நோயை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அது சிறியதன்று.

பெருங்குடல் புற்றுநோயில் எம்.எல்.எச்.1 மரபணுவைச் சோதிப்பது எனக்கு இதைவிடவும் முக்கியமாகப் படுகிறது. டி.என்.ஏ. நகலாகும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் புரதம் ஒன்றை இம்மரபணு தருகிறது. கட்டியில் அப்புரதம் காணப்படாவிட்டால், பெற்றோர் வழி வந்த பிறழ்வு காரணமாக இருக்கலாம், அதாவது லிஞ்ச் நோய்க்குறி. அல்லது கட்டிக்குள் மட்டும் நிகழ்ந்த மெத்திலேற்றமாக இருக்கலாம். முதலாவது என்றால், நோயாளியின் உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதே பிறழ்வு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பிறழ்வு உள்ளவர்கள் இளம் வயதிலிருந்தே குறிப்பிட்ட இடைவெளியில் கொலோனோஸ்கோபி (பெருங்குடலைக் குழாய்க் கேமரா மூலம் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது என்றால், குடும்பத்தினர் பெரும்பாலும் அந்த அச்சத்திலிருந்து விடுபடுகிறார்கள். ஒரு குடும்பத்தின் பல ஆண்டுக் கவலையை முடிவுசெய்யும் இப்பரிசோதனைக்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது வருத்தமளிக்கிறது.

ஆர்.என்.ஏ. பக்கம் நிலைமை சற்று வேறு. நாள்பட்ட லிம்போசைட் இரத்தப் புற்றுநோயாளிகள் பலரிடம் 13-ஆம் குரோமோசோமில் இழக்கப்படும் பகுதியில் மிர்-15, மிர்-16 என்ற இரு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் (புரதத்தை உருவாக்காத மிகச் சிறிய ஆர்.என்.ஏ.க்கள்) இருப்பதை 2002-இல் கண்டறிந்ததிலிருந்து இத்துறை வேகமெடுத்தது. நீண்ட ஆர்.என்.ஏ. வகையில், புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்கள் மிகுதியாக உருவாக்கும் பி.சி.ஏ.3-ஐச் சிறுநீரில் அளக்கும் பரிசோதனைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012-இல் அனுமதி அளித்தது. அதுவும் எல்லா ஆண்களுக்குமான பரிசோதனை அன்று. ஏற்கெனவே திசுப் பரிசோதனையில் புற்றுநோய் காணப்படாத ஒருவருக்கு மறுபடியும் ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டுமா என்ற ஒரே கேள்விக்கானது.

மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் சிதையாமல் நிலைத்திருப்பது 2008-இல் உறுதியானபோது எழுந்த நம்பிக்கை நியாயமானது. ஆனால் அவற்றில் பல இரத்த அணுக்களிலிருந்தே வருபவை. இரத்தம் எடுக்கும்போதோ, எடுத்தபின் நெடுநேரம் வைத்திருக்கும்போதோ சிவப்பணுக்கள் சில உடைந்தால் போதும், மிர்-16, மிர்-451 ஆகியவற்றின் அளவு ஏறி, நோயின் அறிகுறிபோலத் தோன்றிவிடும். ஓர் ஆய்வகம் முன்வைத்த குறிப்பான்களின் பட்டியலை மற்றோர் ஆய்வகம் உறுதிசெய்ய முடியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி, கட்டுரை பெரிதும் புகழ்ந்த பலவகைப் புற்றுநோய் இரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். இரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளின் மெத்திலேற்ற வடிவத்தைப் படித்து, 50-க்கும் மேற்பட்ட புற்றுநோய்களைத் தேடும் இம்முறை அரிய அறிவியல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 2021-இல் வெளியான ஆய்வில், நோய் உள்ளவர்களை அது கண்டுகொண்ட விகிதம் நோய் உடலில் பரவிவிட்ட நான்காம் நிலையில் 90.1 விழுக்காடு, தொடக்கமான முதல் நிலையில் வெறும் 16.8 விழுக்காடு. சிறிய கட்டி இரத்தத்தில் உதிர்க்கும் டி.என்.ஏ. மிகக் குறைவு என்பதே அடிப்படைச் சிக்கல். நோயற்றவர்களுள் 99.5 விழுக்காட்டினருக்குச் சரியான விடை கிடைத்தது என்பது பெருமைக்குரியதுதான். எனினும் நோயற்ற 1,00,000 பேரைச் சோதித்தால் ஏறத்தாழ 500 பேர் இல்லாத புற்றுநோயைத் தேடி ஸ்கேனுக்கும் திசுப் பரிசோதனைக்கும் அலைய நேரும். அதைவிட எனக்கு அச்சம் தருவது, 'ஒன்றுமில்லை' என்ற விடையை நம்பி மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), கருப்பைவாய்ப் பரிசோதனை, கொலோனோஸ்கோபி போன்றவற்றைக் கைவிடுவோரின் நிலை.

எனவே இத்தகைய ஆய்வுகளைப் பற்றி எழுதும்போது, முதல் நிலை நோயில் பரிசோதனை எவ்வளவு கண்டறிந்தது, நோயற்றவர்களில் எத்தனை பேருக்குத் தவறான விடை வந்தது, அது ஏற்கெனவே நோய் உறுதியானவர்களிடம் சோதிக்கப்பட்டதா, அறிகுறியற்ற பொதுமக்களிடமா என்ற விவரங்களைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே அச்சிட வேண்டுகிறேன். எம்.எல்.எச்.1 சோதனையைப் பற்றியும் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுங்கள். பெருங்குடல் புற்றுநோய் கண்ட குடும்பத்தினர் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, திசு அறிக்கையில் அந்த முடிவு இருக்கிறதா என்று கேட்க அது உதவும்.

இப்படிக்கு,
நோயறிதல் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றும் வாசகர்