கூமுட்டைக் கணக்கு

அன்புள்ள மகளுக்கு,

நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம். போன வாரம் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது உன் காடை நோட்டு கிடைத்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பள்ளியில் படித்தபோது மஞ்சள் காடைகளை மட்டும் தனிக்கூண்டில் விட்டு முட்டை எடுத்தாயே, நினைவிருக்கிறதா? பழுப்புக் காடை முட்டைகள் நன்றாகப் பொரிக்கும். மஞ்சளில் மட்டும் ஒவ்வொரு தடவையும் கூமுட்டை அதிகம். முட்டைகளை ஒழுங்காகத் திருப்பிவிடவில்லை என்று உன்னைத் திட்டினேன், அதுவும் பல தடவை. நீ ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று முட்டைக்கு முட்டை பென்சிலால் போட்டு, ராத்திரி அலாரம் வைத்து எழுந்து திருப்பியிருக்கிறாய். 2.10, 6.00, 10.05 என்று நேரம்கூட எழுதி வைத்திருக்கிறாய். பார்த்ததும் மனசு கனத்துப்போனது. தப்பு உன் கையில் இல்லை கண்ணு. அந்த நிறத்திலேயே இருந்தது.

நோட்டில் இருந்ததைக் கூட்டிப் பார்த்தேன். மஞ்சள் கூண்டு முட்டை 110 வைத்து 71 குஞ்சு. அதில் மஞ்சள் 46, பழுப்பு 25. ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. இந்தக் கணக்கை அன்றைக்கே நான் பார்த்திருக்க வேண்டும்.

எந்தக் குஞ்சுக்கும் இந்த மஞ்சள்-பழுப்பு நிற மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு வரும். உன் மஞ்சள் காடைகள் எல்லாமே ஒரு மஞ்சளும் ஒரு பழுப்பும் கொண்டவை. மஞ்சள் ஓங்கும் குணம் என்பதால் ஒன்றே வெளியில் தெரியப் போதும். அப்படி இரண்டைச் சேர்த்தால் நான்கு பங்கில் ஒரு பங்கு பழுப்பு, இரண்டு பங்கு மஞ்சள். மிச்சம் ஒரு பங்குக்கு இரண்டு பக்கமும் மஞ்சளே வந்துவிடும். அந்தக் கரு பிழைக்காது, முட்டைக்குள் ஆரம்பத்திலேயே நின்றுவிடும். காடை முட்டையின் புள்ளி ஓட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் அதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். நாமும் கரு கூடாத முட்டை என்று தூக்கிப் போட்டோம்.

இந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் படித்தேன். மரபிழையில், அதாவது டி.என்.ஏ.வில், 90,000 எழுத்துகளுக்கு மேல் ஒரு துண்டு அறுந்துபோயிருக்கிறதாம். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் தாங்கிக்கொள்கிறது, நிறம் மட்டும் மாறுகிறது. இரு பக்கமும் அறுந்தால் உயிர் தாங்காது. மஞ்சள் எலிகளிலும் இதே கதைதான். 1905-லேயே அந்தக் கணக்கு உதைத்ததைக் கவனித்திருக்கிறார்கள்.

அதனால் மஞ்சளோடு மஞ்சளைச் சேர்ப்பதை விட்டுவிட்டேன். மஞ்சள் ஆணுக்குப் பழுப்புப் பெட்டைகளை விட்டேன். போன மாதம் 44 முட்டை வைத்ததில் 36 பொரித்தன. மஞ்சள் 19, பழுப்பு 17. குஞ்சு பொரிக்கும் இயந்திரமும் முட்டையைத் திருப்பிய முறையும் பழையவைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆணா பெட்டையா என்று பார்க்க, நெஞ்சில் செம்பழுப்பு ஏறுகிறதா புள்ளி விழுகிறதா என்று மூன்று வாரம் காத்திருப்பாயே, இப்போது அந்தக் காத்திருப்பே வேண்டாம். ரூ என்று ஒரு வெளிறிய செம்பழுப்பு நிறம் உண்டு. அந்த நிற ஆணுக்குச் சாதாரணப் பழுப்புப் பெட்டையைச் சேர்த்தால், பொரித்த அன்றே வெளிறிய குஞ்செல்லாம் பெட்டை, கருத்த கோடு போட்ட குஞ்செல்லாம் ஆண். பறவைகளில் பெட்டைக்கு இந்த ரூ நிற மரபணு ஒன்றே ஒன்றுதான், அதுவும் அப்பாவிடமிருந்துதான் வரும். ஆணுக்கு அம்மாவின் பழுப்பும் சேர்வதால் ரூ மறைந்துவிடும். ஜோடியை மாற்றிப் போட்டால் பலிக்காது, குஞ்செல்லாம் பழுப்பாகத்தான் வரும். அடுத்து இதைத்தான் செய்யப்போகிறேன். ரூ நிற ஆண்கள் இரண்டு கைக்கு வந்துவிட்டன.

பழுப்பு ஜோடிக்கு ஒரு வெள்ளைக் குஞ்சு பிறந்து நீ துள்ளிக் குதித்தாயே, அது ஒடுங்கிய குணம். இரண்டு பேரிடமும் மறைந்திருந்தது. அதன் பேத்திகள் இன்னும் நம் கூண்டில் இருக்கின்றன.

உன் பழைய முறைப்படியே இந்தத் தடவை நானும் பென்சில் குறி போட்டுத்தான் வைத்திருக்கிறேன். இன்று 14-ஆம் நாள். நாளையோடு திருப்புவதை நிறுத்தி ஈரப்பதத்தை ஏற்றிவிடுவேன். 17-ஆம் நாள் இரவு கூப்பிடு. பொரிக்கும் முன் முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் டிக் டிக் என்று ஒன்றுக்கொன்று சத்தம் கொடுக்கும், அதைக் கேட்டுத்தான் எல்லாம் சேர்ந்து வெளியே வரும். ஃபோனைப் பெட்டியின் மேல் வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா